துண்டு வெட்டிய பிறகு

கீரிமலைக் கேணியில் தீர்த்தமாடித்தான் நகுலமுனிவரின் கீரிமுகம் மாறியது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பாரிசவாதம் வந்தவரைத் துண்டு வெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்ததும், "ஒருக்கா கேணியில தோய வாக்கலாமோ?" என்று வீட்டார் கேட்பதும் அதனால்தான். நம்பிக்கை இருக்கட்டும். ஆனால் ஒரு கால் இழுபடுகிறவருக்கு வழுக்கும் படிக்கட்டு ஆபத்து. அவர் முதலில் வென்றெடுக்க வேண்டியது வீட்டுக் கிணற்றடியை.

நேரத்தோடு வீட்டுக்கு

மூளையில் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அந்தப் பகுதி செயலிழக்கிறது. இதுதான் பாரிசவாதம். திரும்பத் திரும்பப் பழகப்பழக, மிஞ்சிய பகுதிகள் அந்த வேலையில் கொஞ்சத்தைக் கற்றுக்கொள்கின்றன. தன் கட்டில், தன் கதிரை, தன் மலசலகூடம் என்று பழகுவது வார்ட்டில் பழகுவதைவிடப் பயன் தரும். பல நாடுகளில் 2,422 பேரை வைத்துச் செய்த 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நேரத்தோடு வீடு திரும்பியவர்கள் வார்ட்டில் கிடந்த நாட்கள் ஐந்தாறு குறைந்தன. பிறர் கையை எதிர்பார்த்து வாழும் நிலையும் குறைந்தது. ஆனால் இவர்கள் பெரும்பாலும் பாதிப்பு மிகக் கடுமையாக இல்லாதவர்கள். அதோடு இயன்மருத்துவர், தாதி, பேச்சுச் சிகிச்சையாளர் கொண்ட குழுவும் வீடு தேடி வந்தது.

குழு வராவிட்டால்?

இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினரின் வீட்டாருக்குப் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்து, அவர்களையே செய்விக்க வைத்தார்கள். 2017இல் முடிவு வெளிவந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறர் துணையின்றி இயலாதவர்களும் சேர்ந்து, பயிற்சி பெற்ற பக்கமும் பெறாத பக்கமும் 47 சதவீதம், வித்தியாசமே இல்லை. வீட்டாரின் பாசத்தில் குறை இருந்திருக்காது. தேர்ந்த கைகள் தொடர்ந்து வராத குறையைப் பாசத்தால் நிரப்ப முடியவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

கீரிமலைப் பக்கம் இதை இன்னும் கவலையோடு பார்க்க வேண்டும். 1990இல் போரால் இடம்பெயர்ந்து, நெடுங்காலம் கழித்துத் திரும்பிய ஊர். பிள்ளைகள் வெளிநாட்டில், வயதுபோன இருவர் மட்டும் வீட்டில் என்றால் யார் யாரைத் தூக்குவது? யாழ் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு பஸ் ஏறுவதே அவர்களுக்குப் பெரும்பாடு. வீட்டுக்கு வரும் சேவையைச் சுகாதாரத் துறையிடம் நாங்கள் உரிமையோடு கேட்க வேண்டும்.

துண்டு வெட்டுமுன்

விழுங்கும் திறனைப் பரிசோதித்தார்களா என்று வார்ட்டில் கேளுங்கள். கஞ்சியோ தேத்தண்ணியோ புரைக்கேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். கட்டிலிலிருந்து எழுப்பும் முறையை வார்ட்டில் உள்ளவர்கள் செய்துகாட்ட, நீங்களும் அங்கேயே ஒருமுறை செய்துபாருங்கள். சோர்ந்த கையைப் பிடித்து மட்டும் இழுக்க வேண்டாம், தோள்மூட்டு விலகிவிடும். பிரஷர் குளிசையை "இப்ப சுகம்தானே" என்று நிறுத்தவும் வேண்டாம்.

மறுபடி வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 1990 என்ற எண்ணில் அம்புலன்ஸை அழையுங்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்துவையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம்.