தசைக்குள் ஒரு களஞ்சியம்

திங்கட்கிழமை மாலையில் 60 கிலோ பளுவைப் பத்து முறை தூக்கி இறக்கிய மாணவர் ஒருவர், வியாழக்கிழமையன்று அதே பளுவை ஆறாம் முறைக்குமேல் தூக்க இயலாமல் கீழே வைத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் இல்லை, காயம் இல்லை, ஊக்கத்திலும் குறைவில்லை. இருந்தும் கைகள் ஈயமாய்க் கனக்கின்றன. "எனக்கு மனவுறுதி போதவில்லை" என்று அவர் தம்மையே நொந்துகொள்கிறார். ஆனால் செவ்வாயும் புதனும் அவர் என்ன உண்டார் என்று யாரேனும் கேட்டார்களா? சோறு, இட்லி, கிழங்கு யாவற்றையும் ஒதுக்கிவிட்டு, முட்டையும் மீனும் கீரையுமே உண்டிருக்கிறார்.

சில நாட்கள் மாவுச்சத்தை மிகுதியாகவும், சில நாட்கள் மிகக் குறைவாகவும் மாற்றி மாற்றி உண்ணும் வழக்கம் இந்நாளில் உடற்பயிற்சி செய்யும் இளைஞரிடையே பரவியுள்ளது. கொழுப்புக் கரையவேண்டும், ஆனால் தசை குறையக்கூடாது என்பதே அவர்களது நோக்கம். நோக்கம் தவறன்று. எனினும், தசை எதைக் கொண்டு வேலை செய்கிறது என்பதை அறியாமல் இம்முறையில் இறங்குவோர், தம் உடலின்மீது வீண்பழி சுமத்தவேண்டியவர்களாகின்றனர்.

அடுப்பு மூட்டுவதை நினைத்துப் பாருங்கள். கற்பூரம் உடனே பற்றி உடனே தீர்ந்துவிடும். சுள்ளி விரைந்து எரிந்து நல்ல அனல் தரும். பெருங்கட்டையோ மெல்லப் பற்றி நெடுநேரம் எரியும். தசைக்கும் இவ்வாறு மூவகை எரிபொருள்கள் உண்டு. கிரியாட்டின் பாஸ்பேட் என்னும் பொருள் கற்பூரம் போன்றது. முழுவேகத்தில் செய்யும் வேலைக்கு அது ஏறத்தாழ 10 விநாடிகளே தாங்கும். கொழுப்பு பெருங்கட்டை போன்றது. அதன் இருப்பு மிகப் பெரிது, ஆனால் பிராணவாயுவின் துணையோடு மெதுவாகவே எரியும். இரண்டுக்கும் நடுவே சுள்ளியாக நின்று உதவுவது கிளைக்கோஜன். பளுவைப் பத்துப் பன்னிரண்டு முறை தொடர்ந்து தூக்குவதற்கு அரை நிமிடத்துக்குமேல் ஆகிறது. அந்த வேலையில் பெரும்பகுதி கிளைக்கோஜனைச் சார்ந்தே நடைபெறுகிறது.

நாம் உண்ணும் மாவுச்சத்து, சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலந்து, பின்னர் கிளைக்கோஜனாகக் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படுகிறது. 1857-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் கிளாடு பெர்னார் கல்லீரலிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தார். நன்கு உண்டவரின் கல்லீரலில் சுமார் 100 கிராமும், தசைகள் அனைத்திலும் சேர்த்துச் சுமார் 400 கிராமும் இருக்கும். கல்லீரல் தன் சேமிப்பை இரத்தத்துக்கு வழங்கும். மூளை உள்ளிட்ட உறுப்புகள் அதனால் பயன்பெறும். தசையோ அவ்வாறு வழங்காது. தன் களஞ்சியத்தைத் தானே செலவிடும்.

இவ்வுண்மையை அழகாக விளக்கிய பரிசோதனை ஒன்று சுவீடன் நாட்டில் நிகழ்ந்தது. யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்னும் இரு மருத்துவர்கள் தம் உடலையே ஆய்வுப் பொருளாக்கினர். ஒரு சைக்கிள் பொறியின் இருபுறமும் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு காலால் மட்டும் களைத்துப்போகும்வரை மிதித்தனர். மற்றொரு கால் ஓய்ந்திருந்தது. பிறகு ஊசியால் தொடையிலிருந்து சிறு தசைத்துணுக்கை எடுத்து அளந்தனர். உழைத்த காலின் களஞ்சியம் காலியாகியிருந்தது. ஓய்ந்த காலினது அப்படியே நிறைந்திருந்தது. அடுத்த 3 நாட்கள் மாவுச்சத்து மிக்க உணவை உண்டபின், உழைத்த காலில் மற்றதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு கிளைக்கோஜன் சேர்ந்தது! 1966-இல் இந்த ஆய்வு வெளியாயிற்று.

மறு ஆண்டில் அவர்களும் துணைவர்களும் இன்னொரு கேள்விக்கு விடை தேடினர். ஒரே கடுமையுடன் சைக்கிள் மிதிக்கும்போது, முன்னாட்களில் உண்ட உணவு எவ்வளவு வேறுபாடு செய்கிறது? கலப்புணவு உண்டபின் ஏறத்தாழ 114 நிமிடங்கள் மிதித்தவர்கள், கொழுப்பும் புரதமுமே உண்டபின் 57 நிமிடங்களில் ஓய்ந்தனர். மாவுச்சத்து உணவுக்குப் பின்னரோ 167 நிமிடங்கள் தாங்கினர். மனிதர்கள் அவர்களே, மனவுறுதியும் அதுவே. மாறியது களஞ்சியத்தின் இருப்பு ஒன்றே.

சைக்கிள் மிதிப்பதும் பளு தூக்குவதும் ஒன்றல்லவே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பளு தூக்கும் பயிற்சி ஒரு வேளையில் தசையின் கிளைக்கோஜனைக் கால்பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்குவரை குறைக்கிறது, முற்றிலும் தீர்ப்பதில்லை. ஆகவே சில சுற்றுகளே கொண்ட குறுகிய பயிற்சியில் உணவின் வேறுபாடு சிறிதாகவே தோன்றும். சுற்றுகள் பலவாகி, நேரம் நீண்டு, முந்தின நாள் செலவானதும் நிரம்பாதிருந்தால், பாதிக் களஞ்சியத்தோடு தொடங்கியவர் இடையிலேயே தளர்கிறார். நம் மாணவருக்கு வியாழக்கிழமை நேர்ந்தது இதுவே.

மற்றொரு மயக்கத்தையும் நீக்கவேண்டும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறத்தாழ 3 கிராம் நீரும் தசையில் தங்குகிறது. சோற்றை நிறுத்திய சில நாட்களில் 300 கிராம் கிளைக்கோஜன் செலவானால், நீரும் வெளியேறி ஒரு கிலோவுக்குமேல் எடை குறைந்துவிடும். அது கொழுப்புக் கரைந்ததன்று. மீண்டும் வயிறார உண்டதும் அவ்வெடை திரும்பி வருவதும் குற்றமன்று.

எனவே செய்யத்தக்கது யாது? குறைவாக உண்ணும் நாட்களை ஓய்வுக்கும் இலேசான நடைக்கும் ஒதுக்குக. கடும்பயிற்சி நாளிலும், அதற்கு முந்தின நாளிலும் சோற்றைத் தாராளமாக உண்க. காலியான களஞ்சியம் நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் ஆகுமாதலால், பயிற்சிக்குச் சற்று முன்னர் தின்னும் ஒரு வாழைப்பழம் நேற்றைய குறையைத் தீர்க்காது. நாள்தோறும் ஒரு மணி நேரம் மிதமாகப் பயிற்சி செய்வோருக்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து தேவை என்பது விளையாட்டு மருத்துவரின் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 300 முதல் 420 கிராம். நூறு கிராம் அரிசியில் கிடைப்பதோ 80 கிராமுக்குச் சற்றுக் குறைவே.

களைப்புக்குக் காரணம் மாவுச்சத்துக் குறைவு ஒன்றே என்றும் முடிவு கட்டிவிடலாகாது. மொத்த உணவே போதாமை, உறக்கக் குறைவு, இரத்தசோகை ஆகியவையும் இதே தளர்ச்சியைத் தரும். குறிப்பாக, கடும்பயிற்சியோடு உணவைச் சுருக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவதும், எலும்பு வலுவிழப்பதும் உண்டு. சில வாரங்களாகியும் சோர்வு நீங்காவிட்டால் மருத்துவரை நாடுவதே அறிவுடைமை. வளரும் பருவத்தினர் பிறரைப் பார்த்து உணவைக் குறைப்பது, கட்டிமுடியாத வீட்டிலிருந்து செங்கல்லை உருவுவது போலாகும்.

இளைஞர்களே, உடலை அடக்கி ஆள்வது ஓர் ஆற்றல்தான். ஆனால் அது கேட்பதைச் செவிமடுப்பதும் ஆற்றலே. அடுத்த முறை கை சோரும்போது உங்களை நீங்களே கடிந்துகொள்வதற்கு முன், நேற்று உண்டதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். விறகில்லாத அடுப்பைச் சோம்பேறி என்று எவரும் வைவதில்லை.