காயம் எழுப்பும் நோய், காயம் அடக்கும் நோய்

காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கிப் போட்டால் நாலு நாளில் ஆறிவிடும். ஆறிய பிறகு வேலையைக் காட்டும் காயங்களும் உண்டு. அவற்றில் ஒன்று மதுரையின் பெயராலேயே உலகம் முழுக்க அறியப்பட்ட 'மதுரைப் பாதம்'. மதுரை மருத்துவர்கள் 1840களிலேயே இந்நோயைப் பதிவு செய்தார்கள். இதற்குப் பூஞ்சையே காரணம் என்று 1860இல் எழுதியவர் பம்பாயில் பணியாற்றிய ஹென்றி வான்டைக் கார்ட்டர். புகழ்பெற்ற 'கிரேயின் உடற்கூறியல்' நூலுக்குப் படம் வரைந்தவரும் இவரே.

மண்ணில் கிடக்கும் பூஞ்சையோ பாக்டீரியாவோ, வெறுங்காலோடு வயலுக்கும் காட்டுக்கும் போகிறவரின் பாதத்தில் முள்ளோடு சேர்ந்து நுழைகிறது. வலி அவ்வளவாக இருக்காது, ஆபத்தே அதுதான். பாதம் மாதக்கணக்கில் மெல்ல வீங்கி, அங்கங்கே புரையோடி, சீழோடு கறுப்பு, வெள்ளை, மஞ்சள் அல்லது சிவப்பு நிறத்தில் சிறு மணிகள் வெளிவரும். அதற்குள் முள் குத்தியதே பலருக்கு மறந்துபோயிருக்கும். கவனிக்காமல் விட்டால் எலும்பையும் அரிக்கும். பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக் நன்றாகக் கேட்கும். பூஞ்சை என்றால் நீண்டகால மருந்தோடு அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். எது என்று தெரியாமல் மருந்து தொடங்கினால் காலம்தான் வீணாகும். உலக சுகாதார நிறுவனம் 2016இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

இங்கே காயம் கிருமிக்கு வாசல் மட்டுமே. கிருமியே இல்லாமல் காயத்தில் முளைக்கும் நோய்களும் இருக்கின்றன. ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் கோப்னர் 1872இல் ஒரு சொரியாசிஸ் நோயாளியைப் பற்றி விவரித்தார். குதிரை கடித்த இடம், பச்சை குத்திய இடம் என்று தோல் காயம்பட்ட இடங்களிலெல்லாம் அவருக்குப் படை கிளம்பியிருந்தது. இதற்குக் கோப்னர் விளைவு என்று பெயர். நோய்க்கான முனைப்பு உடலில் முன்பே இருக்கிறது; தோல் கிழிந்ததும் தோல் செல்கள் விடுக்கும் அழற்சிச் செய்திகள் அதை அந்த இடத்துக்கு இழுத்துவிடுகின்றன. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில், கீறிய கோட்டின் வடிவத்திலேயே படை வரும்.

வெண்புள்ளியிலும் இப்படித்தான். உள்பாவாடை நாடாவோ அருணாக்கயிறோ நாள்தோறும் இறுக்கி உரசும் இடுப்பில் வெள்ளைக் கோடு விழுவதைத் தோல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். நாடாவைத் தளர்த்தி, அகலமான பட்டையாகக் கட்டிக்கொள்ளச் சொல்வது அதனால்தான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியின் கதை இன்னும் விசித்திரமானது. அதிலுள்ள சோரலின் வெயிலோடு சேர்ந்து நிறத்தைத் தூண்டக்கூடியது; மருத்துவமனை ஒளி சிகிச்சையிலும் இந்த வகை மருந்து உண்டு. அரைத்துப் பூசிக்கொண்டு உச்சி வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்பளிக்கும். மருந்து போட்ட இடத்திலேயே புதிதாக வெண்புள்ளி வருவதற்கு அந்தக் கொப்புளமே போதும்.

கோப்னர் விளைவுக்கு நேர்மாறானதும் உண்டு. சொரியாசிஸ் படையின் மேல் காயம்பட்டு ஆறும்போது சிலருக்கு அந்த இடத்தில் படையே மறைந்துவிடும். இந்த இரு விளைவுகளும் ஒருவரிடமே சேர்ந்து வருவதில்லை என்று அயர், க்ரூகர் என்ற இரு ஆய்வாளர்கள் 1982இல் எழுதினார்கள். அதற்காகப் படையைச் சுரண்டிப் பார்ப்பது முட்டாள்தனம். தன் தோல் எந்த ரகம் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது.

மருத்துவர்கள் இந்தக் குணத்தைக் கணக்காகப் பயன்படுத்துகிறார்கள். வெண்புள்ளிக்குத் தோல் ஒட்டும் சிகிச்சை, புள்ளி குறைந்தது ஓராண்டாவது பரவாமல் இருந்தால்தான் செய்யப்படும். சந்தேகம் இருந்தால் முதலில் சில சிறு துண்டுகளை மட்டும் ஒட்டி மூன்று மாதம் பார்ப்பார்கள். நிறம் சுற்றிலும் பரவினால் சிகிச்சையைத் தொடரலாம். தோல் எடுத்த இடமே வெளுத்துப்போனால் நோய் இன்னும் அடங்கவில்லை, சிகிச்சை தள்ளிப்போகும்.

மருவில் காயம் நோயை எழுப்புவது, அடக்குவது இரண்டும் நடக்கிறது. சொறிந்தால் நகக்கீறல் வழியே வைரஸ் பரவி, வரிசையாகப் புது மருக்கள் கிளம்பும். அதே மருவை மருத்துவர் மரத்துப்போகச் செய்து ஊசியால் ஆழமாகப் பலமுறை குத்தும்போது, தோலின் மேலடுக்கில் ஒளிந்திருந்த வைரஸ் கீழே ரத்தம் ஓடும் அடுக்குக்கு இறங்கி, உடலின் எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படுகிறது. சிலருக்கு ஒரே மருவைக் குத்தினாலும், தொடாத மற்ற மருக்களும் சில வாரங்களில் உதிர்ந்துவிடுகின்றன.