வெட்டிய கூரை ஒட்டுமா?

பாட்டியின் அட்டிகையை அழித்து நெக்லஸ் பண்ணிக்கொண்ட பெண்மணி ஒருவராவது உங்கள் குடும்பத்தில் இருப்பார். அழிக்கும்போது சொன்ன காரணங்கள் எல்லாம் நியாயமாகத்தான் இருந்திருக்கும். பழைய மோஸ்தர், கழுத்தை உறுத்துகிறது, இந்தக் காலத்தில் யார் இதைப் போட்டுக்கொள்கிறார்கள்? பத்தர் தராசில் வைத்து நிறுத்தார். சேதாரம் போக மிச்சத்துக்குப் புது நகை வந்தது. இருபது வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில், எதிர் வீட்டுப் பெண் அதே மாதிரி அட்டிகையைப் போட்டுக்கொண்டு, "எங்க கொள்ளுப் பாட்டியோடது, மாமி!" என்று வந்து நின்றாளாம். அன்றைக்கு அந்த அம்மாளுக்குப் பந்தியில் சாப்பாடு இறங்கவில்லை.

நகையை அழிப்பதும் பிறகு அங்கலாய்ப்பதும் பெண்களுக்கே உரிய பலவீனம் என்று புருஷர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய மோட்டார் கார் ஒன்று கையில் கிடைத்தால் அவர்கள் அதை என்ன பாடு படுத்துகிறார்கள், பிறகு எப்படித் தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள் என்ற கதை நம்முடைய அட்டிகைக் கதையைவிடப் பெரியது. அதில் புரளும் பணமும் பெரியது.

ஸ்டீவ் மக்வீன் என்ற ஹாலிவுட் நடிகரை ஆங்கிலப் படம் பார்க்கும் நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். கார்ப் பைத்தியம். அவரிடம் 1967-ம் வருஷத்து ஃபெராரி ஒன்று இருந்தது. 275 ஜி.டி.பி. 4 என்று அதற்குப் பெயர். வழவழவென்று பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை அதன் அழகு. வண்டி வந்த நிறம் அவருக்குப் பிடிக்கவில்லை. தமக்கு வேண்டிய ஒரு தனிச் சிவப்பைப் பூசச் சொன்னார். சில வருஷங்களில் விற்றும்விட்டார்.

பிற்பாடு அந்தக் கார் கைமாறிக் கைமாறிப் போய் ஒருவரிடம் சேர்ந்தது. அந்த மனிதர் கூரையை வெட்டி எடுத்துவிட்டு, அதைத் திறந்த காராக மாற்றிவிட்டார்!

ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்காதீர்கள். அதற்கும் ஒரு நியாயம் உண்டு. அதே மாடலில் கூரையில்லாத கார்களை ஃபெராரி கம்பெனி பத்தே பத்துதான் செய்தது. அமெரிக்காவில் ஃபெராரி விற்றுவந்த லூயிஜி சினெட்டி என்பவர் கேட்டுக்கொண்டதால் செய்தவை அவை. 'தாமஸ் க்ரௌன் அஃபேர்' என்ற 1968-ம் வருஷத்துப் படத்தில் ஃபே டனவே ஓட்டி வருவது அந்தப் பத்தில் ஒன்றுதான். பத்துப் பேருக்கு மட்டும் கிடைத்த பொருளைக் கண்டால் பதினோராவது ஆசாமிக்கு மனம் சும்மா இருக்குமா? ரம்பத்தை எடுத்துவிட்டார்.

இந்த வண்டிக்குக் கடைசியில் நல்ல காலம் பிறந்தது. இன்னொருவர் இதை வாங்கி, இத்தாலியில் மாரனெல்லோ என்ற ஊரிலுள்ள ஃபெராரித் தொழிற்சாலைக்கே அனுப்பி, கூரையைப் புதிதாகச் செய்து பொருத்தச் சொன்னார். பழைய உருவம் திரும்பி வந்தது. 2014 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஏலம் விட்டபோது, 1 கோடியே 1 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போயிற்று.

இதில் ஒரு வேடிக்கை. கூரையைத் திரும்ப வைத்த நிபுணர்கள், நிறத்தை மட்டும் தொழிற்சாலையிலிருந்து வந்த நிறத்துக்கு மாற்றவில்லை. மக்வீன் பூசச் சொன்ன அந்தச் சிவப்பையே பூசினார்கள். மக்வீன் செய்த மாறுதல் சரித்திரம். அவருக்குப் பின்னால் வந்தவர் செய்த மாறுதல் அபசாரம்! உலகம் இப்படித்தான் கணக்குப் பார்க்கிறது. மாமியார் உடைத்தால் மண்சட்டி என்று நம் ஊரிலும் சொல்வதுண்டே.

அந்தப் பத்துத் திறந்த கார்களில் ஒன்று 2013-ல் 2 கோடியே 75 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அசல் திறந்த கார் அது. கூரையை வெட்டியதால் மட்டும் அந்தப் பத்தோடு பதினொன்றாக ஆகிவிட முடியாது என்பது மற்றவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

* * *

ஃபெராரிக் கதை நமக்கு எட்டாத உயரம். நாம் பார்த்துப் பழகிய மாரிஸ் மைனருக்கு வருவோம். இங்கிலாந்தில் 1948-ல் பிறந்த இந்தக் குட்டிக் கார், பதினாறு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. சென்னையில் டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் ஒரு காலத்தில் செல்லப் பிள்ளை. இங்கிலாந்தில் இதற்கும் அதே கதி நேர்ந்தது. துணிக் கூரை போட்ட அசல் மைனருக்கு விலை அதிகம். ஆகவே சாதாரண மைனரின் இரும்புக் கூரையை வெட்டி, துணி மாட்டித் திறந்த காராக்கி விடுவது அங்கே வழக்கமாயிற்று. இதற்கென்று வேண்டிய சாமான்களை மூட்டையாகவே விற்றார்கள்.

ஆனால் ஒரு சங்கடம். கார் என்பது மேலே மூடி போட்ட தகரப் பெட்டி. மூடியும் சேர்ந்துதான் பெட்டிக்குப் பலம். மூடியை எடுத்துவிட்டு அடியில் வேண்டிய அளவு இரும்பு கொடுத்துப் பலப்படுத்தாவிட்டால், நாளடைவில் நடுவில் தொய்ந்துவிடும். கதவைத் திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. வாங்க வருகிறவர் சும்மா வருவதில்லை. தொழிற்சாலையில் அடித்த நம்பரைப் பார்க்கிறார். அசலா, பிற்பாடு வெட்டியதா என்பதை அந்த நம்பரின் முன்னெழுத்துக்களே சொல்லிவிடும். ஆக, அசல் மூடிய காரும் போயிற்று, அசல் திறந்த காரும் ஆகவில்லை.

இத்தனைக்கும் இந்த மைனரையே முதலில் வெட்டியவர் அதைப் படைத்த அலெக் இஸ்ஸிகோனிஸ்தான். மாதிரி வண்டி தயாரான பிறகு, அது ஒல்லியாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் மெல்ல மெல்ல நகர்த்திப் பார்த்து, நாலு அங்குல இடைவெளி வந்ததும் "போதும்" என்றாராம். அதற்குள் பம்பர்களைச் செய்துவிட்டிருந்தார்கள். அவற்றையும் நடுவில் வெட்டி நாலு அங்குலம் ஒட்டுப் போட்டார்கள். ஆரம்ப கால மைனரின் பம்பரில் அந்த ஒட்டை இன்றும் பார்க்கலாம். பானெட் நடுவே அகலமாக ஓடும் மேடு அந்த நாலு அங்குலத்தின் அடையாளம்தான். பெற்றவள் பிள்ளைக்குச் சட்டையைப் பிரித்துத் தைத்தால் யாரும் குறை சொல்வதில்லை.

நம் சென்னைக்கு அருகில் வண்டலூரில் 1961 முதல் செய்துவந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் விஷயத்தில் இந்தத் தகராறே இல்லை. அதன் கூரை போல்ட் வைத்து முடுக்கியது. ஸ்பானரால் கழற்றலாம், ஸ்பானராலேயே திரும்ப மாட்டலாம். படைத்தவர்கள் இப்படியும் கொஞ்சம் யோசித்திருக்கலாகாதா என்று மற்ற கம்பெனிகளைக் கேட்கத் தோன்றுகிறது.

* * *

நம் நாட்டில் காரை மாற்றியதற்குப் பெரும்பாலும் காரணம் ஆசை அல்ல, பர்ஸ். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க்குக் கட்டுப்பாடு வைத்ததும் பெட்ரோல் விலை தாவி ஏறியது. பெரிய பெரிய அமெரிக்கக் கார்களை வைத்திருந்தவர்கள் விழித்தார்கள். செவர்லே, டாட்ஜ், பிளிமத் என்று கப்பல் மாதிரி வண்டிகள்; பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். உதிரி சாமான் இறக்குமதியும் இல்லை. எனவே பெட்ரோல் என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் என்ஜினை வைத்து, பல கார்களை டாக்ஸியாக ஓட்டினார்கள். கியூபாவில், 1960-க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து ஒரு ஸ்க்ரூகூட வராத நிலையில், ஹவானா நகரத்துக்காரர்கள் ருஷ்யச் சாமான்களையும் டீசல் என்ஜினையும் வைத்துத்தான் தங்கள் பழைய கார்களை உயிரோடு வைத்திருந்தார்கள். சோற்றுக்கு வழி தேடியவர்களைப் பார்த்து, "அசலைக் கெடுத்தாயே!" என்று ஏலம் எடுப்பவர்கள் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் வருத்தப்படுவது அம்பாஸடரின் முன் ஸீட்டுக்காக.

1950-களின் கடைசியில் ஆரம்பித்து 2014 வரை உத்தரபாராவில் செய்த வண்டி அது. ஆரம்ப கால அம்பாஸடரில் முன் ஸீட் நீளமான ஒரே பெஞ்சு. கியர், ஸ்டியரிங்கின் கழுத்தில் இருந்தது. தரையில் கியர்க் கம்பு கிடையாது. இதனால் என்ன சௌகரியம்? அப்பா ஓட்டுவார், அந்தக் கடைசியில் அம்மா, நடுவில் ஒரு குழந்தை. பின்னால் தாத்தா, பாட்டி, அத்தை, இரண்டு பிள்ளைகள், புளியோதரைத் தூக்கு. திருப்பதியும் போகலாம், கும்பகோணமும் போகலாம். பெல்ட் கிடையாது என்பது வாஸ்தவம். அந்த நாளில் பாதுகாப்பைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்பதும் வாஸ்தவம்.

பிறகு ஒரு மோஸ்தர் வந்தது. "கியரைத் தரைக்குக் கொண்டு வந்துடலாம் சார், ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இருக்கும்" என்று மெக்கானிக் ஆசை காட்டுவார். தரையில் ஓட்டை போட்டுக் கியர்க் கம்பை நிறுத்தினால் பெஞ்சு ஸீட் தடுக்கும். ஆகவே பெஞ்சு போய், தனித்தனியாக இரண்டு ஸீட் வரும். வீட்டுக்காரியை யாரும் கேட்பதில்லை. நடுக் குழந்தை பின்னால் போய் அத்தையின் மடியில் உட்காரும். கழற்றிய பெஞ்சு சில நாள் பட்டறை வாசலில் பையன்கள் உட்கார்ந்து டீ குடிக்க உதவும். அப்புறம் மழையில் நனைந்து, பஞ்சு பிதுங்கி, ஒரு நாள் காணாமல் போகும்.

அதே மாதிரிதான் பழைய மைனரின் கதவோரத் தூணிலிருந்து நீட்டிக்கொண்டு வந்து திரும்பும் திசையைக் காட்டிய சின்னக் கையும். ஆரஞ்சு விளக்கு வைத்த அந்தக் கை வெளியே வருவதைப் பார்க்கவே குழந்தைகள், "இன்னும் ஒரு தடவை அப்பா!" என்று கெஞ்சுவார்கள். மின்னும் விளக்கு வந்ததும் கையைப் பிடுங்கிவிட்டு, பொந்தைப் பட்டி வைத்து அடைத்துவிட்டார்கள்.

இப்போது பேரன்மார்கள் அந்தக் கையையும் பெஞ்சையும் தேடிப் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். பாசம் ஒரு காரணம். 2021-ல் மத்திய சர்க்கார் போட்ட விதியும் ஒரு காரணம். முதல் முறை பதிவாகி 50 வருஷத்துக்கு மேலான காரை இப்போது 'வின்டேஜ்' வாகனமாகப் பதிந்து, வி.ஏ. என்ற எழுத்துடன் தனி நம்பர் வாங்கலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். ஏற்கெனவே பதிந்ததை மறுபடி பதிய 5,000 ரூபாய். ஆனால் வண்டி அசல் உருவத்தில் இருக்கவேண்டும். சட்டத்திலோ கூட்டிலோ என்ஜினிலோ பெரிதாகக் கை வைத்திருக்கக் கூடாது. டீசல் என்ஜின் வைத்த டாட்ஜுக்கு இங்கேதான் வழி அடைபடுகிறது.

* * *

மாற்றாமல் வைத்திருந்ததால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் காரைச் சொல்லவேண்டும். ஸ்டீவ் மக்வீன் 'புல்லிட்' என்ற 1968-ம் வருஷத்துப் படத்தில் ஓட்டிய பச்சை நிற மஸ்டாங் கார் அது. 1974-ல் நியூஜெர்ஸிக் குடும்பம் ஒன்று பத்திரிகை விளம்பரம் பார்த்து, 6,000 டாலருக்கு வாங்கியது. அந்த வீட்டு அம்மாள் அதை ஓட்டிக்கொண்டு தினம் பள்ளிக்கூடம் போய் வந்தார். 1977-ல் மக்வீனே கடிதம் எழுதினார்: எனக்கு அந்தக் கார் வேண்டும், பதிலுக்கு அதே மாதிரி வேறு மஸ்டாங் தேடித் தருகிறேன், விலை மட்டும் அதிகம் கேட்காதீர்கள் என்று. குடும்பம் அசைந்து கொடுக்கவில்லை. பிறகு கார் பழுதாகி, நெடுங்காலம் மூடியே கிடந்தது. வேறு பெயின்ட் அடிக்கவில்லை. காமிரா பொருத்துவதற்காகச் சினிமாக்காரர்கள் அடியில் பற்றவைத்த இரும்புகளைக்கூட எடுக்கவில்லை. 2020 ஜனவரியில் அது ஏலத்துக்கு வந்தபோது 34 லட்சம் டாலரில் சுத்தியல் விழுந்தது!

அதே படத்தில் குதிக்கவும் மோதவும் உபயோகித்த இன்னொரு மஸ்டாங், மெக்ஸிகோவில் என்ஜின்கூட இல்லாமல் கிடந்தது. வாங்கியவர்கள் அதை வேறொரு படத்தில் வந்த காரைப் போல உருமாற்றத் தீர்மானித்து வேலையும் ஆரம்பித்துவிட்டார்கள். நல்லவேளையாக யாரோ நம்பரைச் சரிபார்க்க, 2017-ல் உண்மை வெளிவந்தது. வேலையை நிறுத்தினார்கள்.

இதற்கெல்லாம் விதிவிலக்கும் இருக்கிறது. பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் 1967-ல் தமது கறுப்பு ரோல்ஸ்ராய்ஸுக்கு மஞ்சள் பூசி, மேலே கோயில் திருவிழாச் சப்பரம் போலப் பூவும் கொடியுமாக வரையச் சொன்னார். லண்டனில் பலர் முகம் சுளித்தார்கள். 1985-ல் அது சுமார் 23 லட்சம் டாலருக்கு விலை போய், இப்போது கனடாவில் விக்டோரியா நகர மியூஸியத்தைச் சேர்ந்ததாக இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் ஜான் லெனனாக இருந்தால் தாராளமாகப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு யோசனை. பிரேக்கைப் பலப்படுத்துவது, பெல்ட் மாட்டுவது, நல்ல விளக்கு வைப்பது இவற்றையெல்லாம் தடுக்காதீர்கள், உயிர் முக்கியம். ஸ்பானர் போடுகிற வேலை எதுவானாலும் பிற்பாடு சரிசெய்துகொள்ளலாம். காஸ் விளக்கையும் ரம்பத்தையும் மெக்கானிக் எடுத்தால் மட்டும் குறுக்கே போய் நில்லுங்கள். கழற்றிய சாமான் ஒவ்வொன்றையும், ஹாரன் வளையமோ கதவுக் கைப்பிடியோ, கிரீஸைத் துடைத்துக் கோணிப்பையில் கட்டிச் சீட்டு எழுதிப் பரணில் போடுங்கள். ஆயுத பூஜைக்கு வீட்டை ஒழிக்கும்போது அது கண்ணை உறுத்தும். பழைய இரும்புக்காரர் வாசலில் தராசோடு வந்து நின்று, கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்லுவார். கொடுத்துவிடாதீர்கள்.