லேப்டாப்பைத் திறந்தால் எதை மாற்றலாம்?

2011 மார்ச்சில் 'என்.வி.எம்.இ.' என்ற தொழில்நுட்ப விதிமுறையின் முதல் பதிப்பு வெளியானது. கம்ப்யூட்டரில் சேமித்துவைத்த தகவல் பிராசஸரை எவ்வளவு விரைவாகச் சென்றடையலாம் என்பதையே அது மாற்றி எழுதியது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்ததும் அதே 2011இல்தான்.

அந்த ஆண்டின் பலன்களை இன்று தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசை போன்ற ஊர்களில் வீட்டுக்குள்ளேயே பார்க்கலாம். அண்ணன் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப் பீரோவுக்கு மேலே கிடக்கிறது. கல்லூரிக்குப் போகும் தம்பி தவணையில் ஒரு கேமிங் லேப்டாப் வாங்கியிருக்கிறான். இரண்டில் எதைத் தூக்கிக்கொண்டு தென்காசிக் கடைக்குப் போனாலும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, ரொம்ப ஸ்லோவா ஓடுது. எஸ்.எஸ்.டி. போட்டா போதுமா, கிராபிக்ஸ் கார்டையே மாத்தணுமா?"

இதற்குச் சரியான பதில் தெரிந்தால் சில ஆயிரம் ரூபாயில் வேலை முடியும். தெரியாவிட்டால், தேவையே இல்லாமல் புது லேப்டாப்புக்குப் பணம் போய்விடும். லேப்டாப்புக்குள் சேமிப்பகத்தின் கதை வேறு, கிராபிக்ஸின் கதை வேறு.

ஹார்டு டிஸ்க் ஏன் திணறுகிறது?

தொடக்க காலத்து அரசு லேப்டாப்புகளில் 2 ஜி.பி. ராமும் 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. ஹார்டு டிஸ்க் என்பது உண்மையிலேயே சுழலும் காந்தத் தட்டு. 1956இல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன. அத்தனையிலும் சேர்த்து 5 எம்.பி.கூடத் தேறாது. தட்டு சிறுத்து, கொள்ளளவு பல லட்சம் மடங்கு பெருகிவிட்டது. ஆனால் வேலை செய்யும் முறை மாறவில்லை. தட்டு சுழல வேண்டும், படிக்கும் முனை நகர வேண்டும், தேவையான இடம் முனைக்குக் கீழே வந்து சேர வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லேப்டாப் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். அதாவது விநாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. தேடும் இடம் வந்துசேர சராசரியாக அரைச் சுற்று என்றால் ஐந்தரை மில்லிவிநாடி. முனை நகர்வதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லிவிநாடி ஆகும். ஆகமொத்தம், தட்டில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் தகவல் துண்டுகளை விநாடிக்கு 60 முறைதான் எடுக்க முடியும். விண்டோஸ் எழுந்து நிற்பதற்கு இப்படிப்பட்ட சிறு துண்டுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். பொத்தானை அழுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வரும்படி ஆவது இதனால்தான். அந்த நேரத்தில் பிராசஸர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. டிஸ்க் தரும் தகவலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதற்கு எதுவும் இல்லை. 1967இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தாவோன் காங், சைமன் ஸீ என்ற இருவர், மின்கடத்தாப் பொருளுக்குள் எலெக்ட்ரான்களைச் சிறைவைக்கும் டிரான்சிஸ்டரை உருவாக்கினார்கள். மின்சாரத்தை நிறுத்தினாலும் எலெக்ட்ரான்கள் உள்ளேயே இருக்கும். அவை இருக்கின்றனவா இல்லையா என்பதுதான் ஒன்று, பூஜ்யம் என்ற நினைவு. அதே அடிப்படையில், ஜப்பானின் தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1987இல் 'நேண்ட் ஃபிளாஷ்' நினைவகத்தை உலகுக்கு அறிவித்தார். நம் பென் டிரைவ், மெமரி கார்டு, செல்போன், எஸ்.எஸ்.டி. எல்லாவற்றுக்கும் மூலம் அதுதான். இதில் ஒரு துண்டை எடுக்க ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிவிநாடி போதும். ஹார்டு டிஸ்க்கைவிட நூறு மடங்குக்கும் மேல் விரைவு.

சாட்டாவா, என்.வி.எம்.இ.யா?

எஸ்.எஸ்.டி.யிலும் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. பழைய ஹார்டு டிஸ்க் இருந்த இரண்டரை அங்குல இடத்தில் அப்படியே உட்காருவது சாட்டா வகை. அதன் உச்ச வேகம் விநாடிக்கு 550 எம்.பி. அளவோடு நின்றுவிடும், ஏனென்றால் சாட்டா இணைப்பின் வரம்பே 600 எம்.பி.தான். என்.வி.எம்.இ. வகை அந்த வழியை விட்டுவிட்டு, பிராசஸரோடு பேசும் பி.சி.ஐ.இ. வழியிலேயே நேராகப் போகிறது. மூன்றாம் தலைமுறை பி.சி.ஐ.இ.யில் விநாடிக்கு 3,500 எம்.பி., நான்காம் தலைமுறையில் 7,000 எம்.பி. வரை வரும்.

வேகம் மட்டுமல்ல, வரிசை முறையும் மாறியது. சாட்டாவின் பழைய ஏற்பாட்டில் ஒரே வரிசை. அதில் 32 கட்டளைகள்தான் நிற்கலாம். ஒரே ஒரு பில் போடுபவர் இருக்கும் ரேஷன் கடை போல. என்.வி.எம்.இ.யில் 64 ஆயிரம் வரிசைகள் வரை வைக்கலாம். ஒவ்வொன்றிலும் 64 ஆயிரம் கட்டளைகள் நிற்கலாம். ஃபிளாஷ் சில்லுகள் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யக்கூடியவை. அந்தத் திறனை முழுதாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இதுதான்.

இங்கே கேம் விளையாடுபவர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். எஸ்.எஸ்.டி. போட்டால் கேம் சீக்கிரம் திறக்கும், அடுத்த கட்டம் சீக்கிரம் வரும். பெரிய வரைபடத்தில் வண்டி ஓட்டும்போது கட்டடங்கள் தாமதமாக முளைப்பதும் திடீர் திக்கலும் குறையும். ஆனால் விநாடிக்கு எத்தனை காட்சி திரையில் ஓடுகிறது என்ற எண்ணிக்கை கூடாது. அது கிராபிக்ஸ் சில்லின் வேலை. ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு மாறினால் வித்தியாசம் மலையளவு. அங்கிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறினால், இன்றைய பெரும்பாலான கேம்களில் சில விநாடிகள்தான் மிச்சம். தகவலை டிஸ்க்கிலிருந்து கிராபிக்ஸ் சில்லுக்கு விரைவாகத் தள்ளும் 'டைரக்ட் ஸ்டோரேஜ்' முறையை 2023 ஜனவரியில் வந்த 'ஃபோர்ஸ்போக்கன்' கேம்தான் கம்ப்யூட்டரில் முதலில் பயன்படுத்தியது. அது பரவப் பரவ என்.வி.எம்.இ.யின் மதிப்பு கூடும்.

வாங்கும்போது பெட்டியில் கவனிக்க வேண்டிய சொற்கள் இரண்டு: டி.எல்.சி., கியூ.எல்.சி. ஒரே ஃபிளாஷ் அறைக்குள் மூன்று பிட்டை வைப்பது டி.எல்.சி.; அதற்கு 8 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். நான்கு பிட்டை வைப்பது கியூ.எல்.சி.; அதற்கு 16 நிலைகள். நிலைகள் நெருங்க நெருங்க எழுதும் வேகம் குறையும், ஆயுளும் குறையும். 100 ஜி.பி. கேமை மொத்தமாகக் காப்பி செய்யும்போது மலிவான கியூ.எல்.சி. பாதியிலேயே படுத்துவிடுவது இதனால்தான். நல்ல 1 டி.பி. டி.எல்.சி. எஸ்.எஸ்.டி.க்கு 600 டி.பி. வரை எழுதலாம் என்று கம்பெனிகள் உறுதி தருகின்றன. தினமும் 50 ஜி.பி. எழுதினாலும் அந்தக் கணக்கு தீர 32 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆயுளை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. போலியை நினைத்துத்தான் பயப்பட வேண்டும். அடிமாட்டு விலைக்கு 16 டி.பி. எஸ்.எஸ்.டி. என்று இணையத்தில் வந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் மெமரி கார்டுதான்.

திறந்து பார்த்தால்

பவரை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியின் ஸ்க்ரூக்களை எடுத்தால் உள்ளே முதலில் கண்ணில் படுவது பேட்டரி. அதன் இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும். ஃபேனுக்குப் பக்கத்தில் 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு சின்னப் பலகை படுத்திருக்கும். அதுதான் எம்.2 எஸ்.எஸ்.டி. அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு ஸ்க்ரூ. அதை எடுத்ததும் பலகையின் நுனி தானாகவே மேலே தூக்கிக்கொள்ளும். புதியதை அதே சாய்வில் செருகி, மெல்ல அழுத்தி, ஸ்க்ரூ போட்டால் வேலை முடிந்தது. பல கேமிங் லேப்டாப்புகளில் இன்னொரு எம்.2 இடம் காலியாகவே இருக்கும். அப்படி இருந்தால் பழையதைக் கழற்றவே வேண்டாம்.

திறப்பதற்கு முன்னால் மூன்று வேலை. முக்கியமான கோப்புகளை வேறு இடத்தில் காப்பி எடுத்துவைக்க வேண்டும். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் பூட்டிய தகவல் போனதுதான். வாரன்டி ஓடிக்கொண்டிருந்தால் அதன் நிபந்தனையையும் படித்துவிட வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு ஏன் கழலவில்லை?

திரையில் 1920க்கு 1080 என்றால் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். விநாடிக்கு 60 காட்சி ஓட வேண்டும் என்றால், ஒவ்வொரு விநாடியும் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணிக்க வேண்டும். ஒரு புள்ளியின் கணக்கு அடுத்த புள்ளிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், ஆயிரக்கணக்கான சிறு கணக்கிகளை ஒரே நேரத்தில் ஓடவிடலாம். ஆர்.டி.எக்ஸ் 4060 என்ற லேப்டாப் கிராபிக்ஸ் சில்லில் இப்படி 3,072 கணக்கிகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தீனி போட, பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் 8 ஜி.பி. நினைவகத்திலிருந்து விநாடிக்கு 256 ஜி.பி. தகவல் பாய்கிறது.

மேசைக் கம்ப்யூட்டரில் இதெல்லாம் தனிக் கார்டாக இருக்கும். பிடுங்கி வேறு செருகலாம். லேப்டாப்பில் சில்லும் அதன் நினைவகமும் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். பிராசஸருக்கும் அதற்கும் பெரும்பாலும் வெப்பக் குழாய்கள் பொது. மின்சாரமும் அளந்துதான் கிடைக்கும். எம்.எக்ஸ்.எம். என்ற கழற்றி மாட்டும் முறை ஒரு காலத்தில் இருந்தது. லேப்டாப் மெலிய மெலிய அது மறைந்தது. அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் நிறுவனம், கிராபிக்ஸ் பகுதியைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய 16 அங்குல லேப்டாப்பை 2024 தொடக்கத்தில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. 2025இல் அதற்குப் புதிய கிராபிக்ஸ் பகுதியும் வந்தது. மனம் வைத்தால் செய்யலாம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் இன்றைக்கு அது விதிவிலக்குதான்.

வெளியே ஒரு பெட்டியில் மேசைக் கம்ப்யூட்டரின் கார்டைப் போட்டு, தண்டர்போல்ட் 3 அல்லது 4 கேபிளில் இணைக்கும் வழி இருக்கிறது. அந்தக் கேபிளில் கார்டுக்குப் போகும் தகவல், நடைமுறையில் விநாடிக்கு 3 ஜி.பி. அளவுதான். அதனால் கார்டின் முழு பலமும் கிடைக்காது. பெட்டி, கார்டு, தனி பவர் சப்ளை எல்லாம் சேர்ந்து ஆகும் செலவைக் கூட்டினால், நம் ஊர் மாணவனுக்கு இது கட்டுப்படியாகாது.

ஆகவே, லேப்டாப்பின் கிராபிக்ஸ் வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த நாளில் பெயரை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். ஆர்.டி.எக்ஸ் 4060 லேப்டாப் சில்லுக்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதை வேண்டுமானாலும் கம்பெனி ஒதுக்கலாம். பெயர் மாறாது, வேகம் மாறும். ஆர்.டி.எக்ஸ் 4090 என்ற ஒரே பெயரில் மேசைக் கார்டில் 16,384 கணக்கிகள், லேப்டாப்பில் 9,728. கடையில் கேட்க வேண்டியது கிராபிக்ஸுக்கு எத்தனை வாட், நினைவகம் எத்தனை ஜி.பி. என்பதைத்தான்.

சாரலும் சூடும்

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு: சில்லைக் குளிர்வித்தல். சில்லு வரம்புக்கு மேல் சூடானால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிய கேம் பிறகு திக்குகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சூட்டைத்தான். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று தென்காசிக்குச் சாரலையும் தரும், காய்ந்த நாட்களில் தூசியையும் தரும். ஈரமும் தூசியும் சேர்ந்து ஃபேனுக்கு எதிரே இருக்கும் மெல்லிய தகடுகளின் இடுக்கில் பஞ்சுபோல் படிந்துவிடும். அதைச் சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை எடுத்துவிட்டுப் புதியது தடவினால், கிராபிக்ஸ் மாற்றாமலேயே இழந்த வேகம் திரும்பக் கிடைக்கும். மெத்தையில் வைத்து விளையாடுவதையும் நிறுத்த வேண்டும்; காற்று உள்ளே போகும் துளைகள் அடியில்தான் இருக்கின்றன.

ராமையும் மறந்துவிடக் கூடாது. 8 ஜி.பி. ஒரே குச்சியாக இருந்தால், இன்னொரு 8 ஜி.பி.யைச் சேர்க்கலாம்; அப்போது இரண்டு பாதையில் தகவல் போகும். தனிக் கிராபிக்ஸ் இல்லாத லேப்டாப்புகளுக்கு இது பெரிய பலம், ஏனென்றால் அவற்றின் கிராபிக்ஸும் ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது.

ஒரு வரி போதும்

எஸ்.எஸ்.டி., ராம் விலை 2025 கடைசியிலிருந்து ஏறுமுகத்தில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. பொதுமக்களுக்கு விற்றுவந்த 'குரூஷியல்' பிராண்டிலிருந்தே விலகுவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட காலத்தில், இருக்கும் இயந்திரத்தைத் திறந்து ஆயுளை நீட்டிக்கும் வசதி ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்கு உயிர்நாடி. பழைய அரசு லேப்டாப்புகளைத் திறந்து ஹார்டு டிஸ்க்கை மாற்ற முடிகிறது. அதனால்தான் ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி.யும் லேசான லினக்ஸும் போட்டால் பீரோ மேல் கிடந்தது தங்கச்சியின் பாடத்துக்கு உதவுகிறது. ராமும் டிஸ்க்கும் சேர்த்தே சால்டர் செய்யப்பட்ட மெல்லிய லேப்டாப்பில் இது நடக்காது. ஒன்று பழுதானால் மொத்தமும் குப்பை.

மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல தொடக்கம். அதைவிட வலுவான கருவி நம் மாநிலத்தின் கையிலேயே இருக்கிறது. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்று தமிழக அரசின் 2025-26 பட்ஜெட் அறிவித்தது. இத்தனை பெரிய எண்ணிக்கையில் வாங்குபவர் சொல்வதைக் கேட்காத கம்பெனி இல்லை. லேப்டாப்பின் எஸ்.எஸ்.டி.யும் ராமும் கழற்றி மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும், சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திறக்க முடிய வேண்டும் என்ற ஒரு வரியை அரசு வாங்கும் ஒவ்வொரு லேப்டாப்பின் டெண்டரிலும் கட்டாயமாக்க வேண்டும். அந்த வரி இருந்தால், மாணவர் கையில் நான்கு ஆண்டில் களைத்துப்போகும் இயந்திரம் எட்டு ஆண்டு உழைக்கும்.