காப்பீட்டு அட்டையும் மாத்திரைக் கணக்கும்

அச்சன்புதூர், வடகரை, கடையநல்லூர் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குக் கிளம்புகிறவர்கள் பலரின் பெட்டியில் ஊறுகாய்க்கும் அல்வாவுக்கும் நடுவே மாத்திரைகளும் இருக்கும். பாதி தனக்கு; மீதி அங்கே இருக்கும் மச்சானுக்கும் ரூமில் கூட இருப்பவருக்கும். அங்கேதான் இன்சூரன்ஸ் கார்டு கொடுக்கிறார்களே என்று கேட்பவர்கள், அந்தக் கார்டு எவ்வளவு மருந்துக்குச் செல்லும் என்று பார்த்திருக்க மாட்டார்கள்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஷார்ஜா, அஜ்மான் உள்ளிட்ட ஐந்து வட அமீரகங்களிலும் 2025 ஜனவரி 1 முதல் தனியார் ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அடிப்படைத் திட்டத்துக்கு ஆண்டு பிரீமியம் 320 திர்ஹம். கட்ட வேண்டியவர் முதலாளி. அதைச் சம்பளத்தில் பிடித்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மருந்து வாங்கும்போது 30 சதவீதம் நம் கைக்காசு. அதற்கு மேல், மருந்துக்கு ஆண்டு உச்சவரம்பு 1,500 திர்ஹம். மாதத்துக்கு வகுத்தால் 125. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு என மூன்றுக்கும் மாத்திரை போட்டு, இன்சுலினும் குத்திக்கொள்பவருக்கு இது எந்த மூலைக்கு?

ஆகவே ஊர் மாத்திரையை நம்புவதில் தப்பில்லை. டாக்டர் சீட்டுடன், கடை அட்டையிலேயே, சொந்த உபயோகத்துக்குச் சாதாரண மருந்துகளை மூன்று மாத அளவு வரை கொண்டுபோகலாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. டிரமடால், கோடீன் கலந்த இருமல் டானிக் போன்றவை அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். சர்க்கரைக்காரர்களின் கால் எரிச்சலுக்கு இங்கே சர்வசாதாரணமாக எழுதும் பிரிகாபலினும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது. அமீரக அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் இவற்றைக் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வழக்காகலாம். அடுத்தவருக்காகக் கொண்டுபோன பார்சல் என்று சொல்லித் தப்ப முடியாது. சீட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர் என்றால் அது எவ்வளவு வேண்டிய உறவின் பார்சலானாலும் வாங்காதீர்கள்.

ஊரில் இருக்கும் பெற்றோரின் காப்பீட்டிலோ மருந்துக்கான வரம்பு நாள் கணக்கில் வரும். ஆயுஷ்மான் பாரத் விதிப்படி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு 15 நாள் மருந்துக்குத்தான் காப்பீடு. காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் அட்மிட் ஆவதற்கு முன் 30 நாள், வந்த பின் 60 நாள். அதுவும் எந்த நோய்க்காகச் சேர்ந்தாரோ அதற்கான மருந்துக்கு மட்டும். மாதாமாதம் வாங்கும் பிரஷர் மாத்திரை இதில் சேராது. பாலிசி விற்கும்போது ஏஜென்ட் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். நாம்தான் கேட்க வேண்டும். அறுபதாம் நாளை ஒட்டி மூன்று மாத மாத்திரையை மொத்தமாக வாங்கி பில் போட்டால் வெட்டிவிட இடமுண்டு. பில் தேதி, மருந்தின் பெயர், அளவு மூன்றும் டாக்டர் சீட்டோடும் டிஸ்சார்ஜ் சம்மரியோடும் பொருந்த வேண்டும். இதில் ஒன்று பிசகினால் போதும், கிளெய்ம் திரும்பி வரும்.

தீராத நோய்களுக்குக் காப்பீட்டை எதிர்பார்ப்பதைவிட அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுவது மேல். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே இலவசமாக வருகின்றன. அதற்கு எந்தக் காப்பீட்டு அட்டையும் வேண்டாம். கைக்காசு போட்டு வாங்குவோருக்கு 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் மக்கள் மருந்தகங்களிலும் விலை குறைவு.

நியாயமான பில்லையே நிறுவனம் வெட்டினால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 155255 எண்ணில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திலும் பதியலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். நிறுவனம் கைவிரித்த ஓராண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.