விடியற்காலை நாலு மணிக்கு மீன் குளத்துல என்ன நடக்குது?

மார்க்கெட்ல நீங்க வாங்குற கட்லாவும் ரோகுவும் பெரும்பாலும் ஆத்துல பிடிச்சதில்லை, குளத்துல வளர்த்தது. அதுல நிறைய ஆந்திராவுல இருந்து ஐஸ் பெட்டியில வருது. மீன், இறால், நண்டு எல்லாம் சேர்த்து, உலகத்துல பிடிச்சதைவிட வளர்த்தது அதிகமானது 2022-ல்தான்; வரலாற்றுல முதல்முறையா!

'நம்ம தோட்டத்துலயும் பண்ணைக்குட்டை இருக்கே'ன்னு தோணுதா? வளர்க்குற முறை ரொம்ப எளிமை. கட்லா மேல்தண்ணியில மேயும், ரோகு நடுவுல, மிர்கால் அடியில. ஒரே குளம், மூணு மாடி வீடு. ஏக்கருக்கு சுமார் 2,000 விரல் நீளக் குஞ்சுகள் விட்டு, கடலைப் புண்ணாக்கும் தவிடும் போட்டு ஒழுங்கா பார்த்துக்கிட்டா, ஒரு வருஷத்துல ஒவ்வொண்ணும் கிலோ பக்கம் வந்துடும்.

யூடியூப் வீடியோ பெரும்பாலும் இதோட முடிஞ்சிடும். நஷ்டம் ஆரம்பிக்கிறது இதுக்கப்புறம்தான்.

தண்ணியைப் பச்சையாக்குற நுண்பாசி, பகல்ல வெயிலை வெச்சு ஆக்சிஜன் தயாரிக்குது. இருட்டினா உற்பத்தி கட். ஆனா மீன், பாசி, அடியில அழுகுற மிச்சத் தீனின்னு எல்லாமே ராத்திரி முழுக்க அதைச் செலவழிக்குது. அதனால, விடியுறதுக்கு முன்னாடிதான் கையிருப்பு ரொம்பக் குறைவு. ரெண்டு, மூணு நாள் தொடர்ந்து மேகமூட்டம்னா இன்னும் மோசம். வருஷம் முழுக்கப் போட்ட காசு ஒரே ராத்திரியில செத்து மிதக்கலாம். இது நோயே இல்லை, மூச்சுத்திணறல்!

சீக்கிரமே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. பகல்ல கையைத் தண்ணிக்குள்ள நேரா விடுங்க. முழங்கை நனையுறதுக்குள்ளயே உள்ளங்கை கண்ணுக்கு மறைஞ்சிடுச்சா? பாசி அளவுக்கு மீறிடுச்சு. சாணம் போடுறதை உடனே நிறுத்துங்க. மேகமூட்டமான நாள்ல தீனியையும் குறைச்சிடுங்க. ஒரு நாள் பட்டினியால மீன் ஒண்ணும் சாகாது.

காலையில மீன் கூட்டமா மேல வந்து வாயைப் பிளந்துச்சுன்னா யோசிக்க நேரமில்லை. மோட்டாரைப் போட்டு, தண்ணியை உயரத்துல இருந்து சிதறி விழ வைக்கணும். போர் தண்ணியை அப்படியே குழாய் வழியா உள்ளே விட்டா பெருசா பலன் இருக்காது. அதுலயே ஆக்சிஜன் கம்மி. காத்துல பட்டு விழுந்தாத்தான் சேரும்.

காற்றுக் கலக்குற ஏரேட்டர் வெச்சிருக்கவங்களும் நிம்மதியா தூங்கிட முடியாது. நடுராத்திரி கரன்ட் போனா டீசல் இன்ஜினை இழுத்து ஸ்டார்ட் பண்ண ஆள் வேணும். அதுக்காகவே அறுவடை நெருங்குற மாசங்கள்ல கட்டிலைக் கரையிலயே போட்டுக்குறவங்க உண்டு.