கீறலை அழிக்கப் போய்ப் பூச்சை இழக்காதீர்கள்

புதுக் கார் வாங்கினால் பேவியூ அவெனியூவில் இருக்கும் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்விப்பது நம்மவர்கள் பலருக்கு வழக்கம். ரயர்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம், பொனற்றில் சந்தனம், குங்குமம், திருநீறு. வீட்டுக்கு வந்ததும் யாராவது ஒருவர் கையில் கிடைத்த துணியை எடுத்து, காய்ந்துபோன சந்தனத்தை அப்படியே தேய்த்துத் துடைப்பார். காரின் முதல் கீறல்கள் விழுவது பலவேளை அங்கேதான். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுப் பிறகு கழுவினால் இந்தப் பிரச்சினையே இல்லை. ஆனால் அன்றைய சந்தோசத்தில் அது யாருக்கு ஞாபகம் வரும்?

மிச்சத்தைப் பனிக்காலம் பார்த்துக்கொள்ளும். அவசரத்தில் கூரையிலிருந்து பனியைத் தள்ளும் பிரஷ், உப்பும் மண்ணும் படிந்த கதவில் உரசும் ஜக்கெற், சுழலும் தூரிகை வைத்த கார் வோஷ் என்று ஏப்ரல் வெயில் வரும்போது கறுப்புக் கார் முழுவதும் சிலந்திவலை பின்னியதுபோல இருக்கும். பிறகுதான் கனேடியன் டயர் கடையில் பொலிஷ் போத்தல்கள் அடுக்கியிருக்கும் வரிசைக்கு முன்னால் போய் நிற்கிறோம்.

அங்கே கைவைக்கும் முன் ஒரு விடயம் விளங்க வேண்டும். பொலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள பூச்சை, கீறலின் அடிமட்டம் வரை சீவி எடுக்கிறது. அதனால்தான் கீறல் மறைகிறது. இன்றைய கார்களில் உலோகத்தின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன்தான். கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரோன். நமது தலைமயிரே கிட்டத்தட்ட 70 மைக்ரோன் தடிப்பு. வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பது அந்த மெல்லிய மேற்பூச்சுத்தான். மெதுவான பொலிஷ் ஒருமுறைக்கு ஒன்றிரண்டு மைக்ரோன் எடுக்கும், கம்பவுண்ட் அதைவிடக் கூட எடுக்கும். எடுத்தது திரும்பி வராது. ஒவ்வொரு வசந்தத்திலும் காரைக் கம்பவுண்ட் போட்டுத் தேய்ப்பவர், சில வருடங்களில் கூரையில் வெள்ளை வெள்ளையாகப் பூச்சு உரியும்போது உற்பத்தியாளரைத் திட்டுவார்.

ஆகவே முதல் கேள்வி, இந்தக் கீறல் பொலிஷுக்கு உரியதா என்பது. கீறலின் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது பெரும்பாலும் கிளியர் கோட்டோடு நிற்கிறது. நகத்தைக் குறுக்கே மெதுவாக ஓட்டினால் மாட்டுகிறதா? மாட்டினால் ஆழம் அதிகம். அதை முழுதாக அழிக்கப் போனால் அந்த இடத்தில் பூச்சே மிஞ்சாமல் போகலாம். பாதி மங்கச் செய்துவிட்டு விடுவது புத்தி. சாம்பல் நிறப் பிரைமரோ உலோகமோ தெரிந்தால் பொலிஷை மறந்துவிடுங்கள். சாரதியின் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் பட்டியில் பெரும்பாலான கார்களுக்கு நிறக் குறியீடு இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு போய்ப் பொருத்தமான டச் அப் பெயின்ற் வாங்கிச் சீக்கிரம் மூடுங்கள். நம் வீதிகளில் கொட்டும் உப்புக்கு அந்த ஒரு புள்ளி போதும், துரு தொடங்கிவிடும். மட் பூச்சுக் கார்களுக்கும் ராப் ஒட்டிய கார்களுக்கும் பொலிஷ் கூடவே கூடாது. செராமிக் கோட்டிங் போட்ட காரில் பொலிஷ் செய்தால் காசு கொடுத்துப் போட்ட கோட்டிங்கும் சேர்ந்து போய்விடும்.

வட்ஸ்அப்பில் சுற்றும் பற்பசை வைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பற்பசையில் தேய்க்கும் துகள் இருக்கிறது, உண்மை. அது பல்லுக்கு அளந்து செய்தது, பெயின்றுக்கு அல்ல. டபிள்யூ டி 40 அடித்தால் கீறல் மறைவதும் எண்ணெய் செய்யும் கண்கட்டுத்தான். இரண்டு தரம் கழுவினால் கீறல் பழையபடி வந்து நிற்கும்.

போத்தல்களில் மூன்று வகையைப் பிரித்தறிந்தால் போதும். கம்பவுண்ட் அதிகம் வெட்டும். பொலிஷ் குறைவாக வெட்டிப் பளபளப்பைக் கூட்டும். கிளேஸும் வாக்ஸும் வெட்டாமல் மூடும், மறைக்கும். மெகுயர்ஸ் நிறுவனமே அல்டிமேற் கம்பவுண்ட், அல்டிமேற் பொலிஷ் என்று இரண்டைத் தனித்தனியாக விற்கிறது. பலர் வலிமையானதையே முதலில் எடுக்கிறார்கள். தொழில் தெரிந்தவர்கள் செய்வது நேர்மாறு: மென்மையான பொலிஷ், அதைத் தேய்க்க மென்மையான பாட். போதவில்லை என்றால் முதலில் பாட்டை மாற்றுவார்கள், அதற்குப் பிறகுதான் போத்தலை.

பாட் விடயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். கம்பளி பாட் மிகவும் வெட்டும், மைக்ரோஃபைபர் அதற்கு அடுத்தது, ஃபோம் பாட்டில் கடினம் முதல் மென்மை வரை பல தரங்கள். தரத்தைக் காட்டுவது நிறம். ஆனால் அந்த நிறத்துக்குப் பொதுவான ஒழுங்கு கிடையாது. மெகுயர்ஸின் வழக்கமான ஃபோம் வரிசையில் மஞ்சள் பாட் நடுத்தரப் பொலிஷுக்கானது. லேக் கன்ரி நிறுவனத்தின் வரிசையில் அதே மஞ்சள் கடுமையாக வெட்டுவது. நண்பர் ‘மஞ்சள் பாட் வாங்கு’ என்று சொன்னார் என்று எந்த நிறுவனத்தின் மஞ்சளையும் வாங்கினால் பொனற்றுக்கு என்ன நடக்கும் என்று யோசியுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், உறையில் எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள். ஒரு காருக்கு ஒரு பாட் போதும் என்று நினைப்பதும் தவறு. பொலிஷும் உரிந்த பூச்சும் பாட்டில் இறுகினால் அதுவே புதுக் கீறல் போடும். மூன்று நான்கு பாட் கையில் இருக்க வேண்டும், இடையிடையே துடைக்கவும் வேண்டும்.

இயந்திரம் வாங்குவதென்றால் டூவல் அக்ஷன். அது சுழன்றபடியே ஆடுவதால் ஒரே இடத்தில் சூடு ஏறுவது குறைவு. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி, பழக்கமில்லாதவர் கையில் சில விநாடிகளில் பூச்சை எரித்துவிடும், அதுவும் கதவின் விளிம்பிலும் பொனற்றின் மடிப்பிலும். அந்த இடங்களில் பூச்சு இயல்பிலேயே மெல்லியது. காரை நன்றாகக் கழுவி, க்ளே பார் கொண்டு ஒட்டியிருக்கும் தூசியை எடுத்து, நிழலில் உலோகம் குளிர்ந்த பிறகு தொடங்குங்கள். முதலில் இரண்டடிக்கு இரண்டடி இடம் ஒன்றில் மட்டும் செய்து பாருங்கள். தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் எண்ணெய்ப்பசையைத் துடைத்துவிட்டு, ரோர்ச் அடித்துப் பாருங்கள். அங்கே சரிவந்தால்தான் மிச்சக் கார்.

இவ்வளவும் நம்மால் ஆகாது என்று டிட்டெய்லிங் கடைக்குப் போகிறவர்களே அதிகம். குற்றமில்லை. ஆனால் அங்கே வாய்ப்பேச்சில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ‘அண்ணை, கீறல் ஒண்டும் தெரியாது, நான் பாத்துத் தாறன்’ என்றதும் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். நமது ஆட்கள் என்பதால் எழுத்தில் கேட்கக் கூச்சம். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கூச்சத்துக்கு இடம் வைக்கவில்லை. வாகனத்தில் வேலை செய்பவர் முதலில் மதிப்பீடு தர வேண்டும். அது வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று ஓர் உச்சத் தொகைக்குச் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். மதிப்பீட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் அறவிட முடியாது. அந்தத் தாளில் ‘பொலிஷ்’ என்று மட்டும் எழுதவிடாதீர்கள். கம்பவுண்டா, பொலிஷா, எத்தனை கட்டம், எந்தப் பகுதிகள், பூச்சின் தடிப்பை முன்னும் பின்னும் அளப்பார்களா என்று எழுதச் சொல்லுங்கள். தடிப்பை அளக்கும் கருவி கையடக்கமானது. அது இல்லாமல் கம்பவுண்ட் போடும் கடைக்கு நான் என் காரைக் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று, சுவரில் தொங்கும் ‘சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்ற பலகை. கார் வோஷிலும் அதைக் காணலாம். அதைப் பார்த்ததும் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். அதே சட்டத்தின்படி, நுகர்வோருக்குச் செய்யும் சேவை ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்பது சொல்லாமலே கிடைக்கும் உத்தரவாதம். அதை இல்லாமல் செய்ய எழுதும் எந்த வரியும் செல்லாது. கீறலைக் கிளேஸால் மூடிவிட்டு ‘நிரந்தரமாக எடுத்துவிட்டோம்’ என்று காசு வாங்கினால் அது பொய் வாக்குறுதி. ஒப்பந்தத்திலிருந்து விலக ஓராண்டு வரை அவகாசம் உண்டு. மறைப்பு வேலையைக் கண்டுபிடிப்பதும் சுலபம்: இரண்டு மூன்று முறை கழுவிய பின் கீறல்கள் திரும்பி வரும்.

வீட்டு வாசலுக்கு வந்து பேசி முடிக்கும் நடமாடும் டிட்டெய்லர்களுக்கு வேறொரு விதி. 50 டொலருக்கு மேற்பட்ட அப்படியான ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கையில் கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். புதுக் கார் வாங்கும்போது விற்பனையாளர் தலையில் கட்டும் பெயின்ற் பாதுகாப்புப் பொதிக்கு இந்தச் சலுகை இல்லை. டீலரிடம் கையெழுத்திட்டால் யோசிக்கும் அவகாசம் கிடையாது. ஆகவே கையெழுத்துக்கு முன்பே யோசியுங்கள்.

கட்டணத்தில் தகராறு வந்தால் கடைக்காரர் காரைப் பிடித்துவைக்கலாம், பழுதுபார்ப்போருக்கு அந்த உரிமை உண்டு. சண்டை பிடிக்காமல், தகராறுத் தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டுக் காரை எடுக்கும் வழியும் அந்த உரிமையைத் தரும் சட்டத்திலேயே இருக்கிறது. வாகனத் தரிப்பிடத்தில் வேறு யாரோ உரசிவிட்டுப் போன கீறலுக்குக் காப்புறுதியை நாடுமுன் உங்கள் டிடக்டிபிள் எவ்வளவு என்று பாருங்கள். பொலிஷோடு போகும் கீறலுக்குப் பெரும்பாலும் காப்புறுதி கட்டுப்படியாகாது.

காரைக் கொடுக்குமுன் எல்லாப் பக்கமும் வெளிச்சத்தில் படம் எடுங்கள். காரைத் திரும்ப எடுக்கும்போது அங்கேயே வைத்துப் பாருங்கள், குறையிருந்தால் அன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள். காசாகக் கொடுக்காமல் கிரெடிட் கார்டில் கொடுங்கள். சட்டப்படி திருப்பித் தரவேண்டிய பணத்தைக் கடை தராவிட்டால் கார்ட் நிறுவனத்திடம் கேட்க அது வழிவிடும். கடைக்காரர் அசையாவிட்டால் ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவை 1-800-889-9768 என்ற இலக்கத்தில் அழைத்து முறைப்பாடு செய்யலாம். அதற்கும் மேலே சிறு உரிமைகோரல் நீதிமன்றம் இருக்கிறது, வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது அந்த மதிப்பீட்டுத் தாளையும் படங்களையும்தான்.